வீட்டிலேயே ஹை-ஃபை ஸ்பீக்கர்: டிரைவர் தேர்வும் பெட்டிக்கான பலகையும்

ஸ்பீக்கர் கட்ட ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் பெட்டியில்தான் தொடங்குகிறார்கள். பழைய பெட்டி ஒன்று கைக்குக் கிடைக்கும், அல்லது ஆசாரியிடம் கண்ணளவில் ஒன்று அடித்து வாங்குவார்கள். பிறகு அந்த ஓட்டைக்குப் பொருந்தும் வூஃபரை (பாஸ் எழுப்பும் பெரிய டிரைவர்; டிரைவர் என்பது கோனும் காந்தமும் சேர்ந்த ஒலிப் பாகம்) தேடிக் கடை கடையாக ஏறுவார்கள். இப்படிக் கட்டிய பெட்டியில் பாஸ் 'டம் டம்' என்று ஒரே சுரத்தில் இடிக்கும், அல்லது பாஸே இருக்காது. வேலையை நேர் எதிர்வரிசையில் செய்ய வேண்டும். முதலில் வூஃபர். பெட்டி எத்தனை லிட்டர், போர்ட் (பெட்டியின் காற்றுக் குழாய்) எவ்வளவு நீளம், கிராஸ்ஓவர் (பாஸையும் உயர் சுரங்களையும் பிரித்து அனுப்பும் சர்க்யூட்) எங்கே வெட்ட வேண்டும் என்பதையெல்லாம் அந்த வூஃபரின் எண்களே சொல்லிவிடும். பலகை வாங்குவது கடைசி வேலை.

டேட்டாஷீட் இல்லாத டிரைவரை வாங்காதீர்கள்

காந்தத்தின் மேல் '500 வாட்' என்று ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் உங்களுக்கு எதையும் சொல்லாது. வாட் என்பது வாய்ஸ் காயில் (காந்தத்துக்குள் ஆடும் கம்பிச்சுருள்) எவ்வளவு சூடு தாங்கும் என்பதற்கான கணக்கு. ஒலி எப்படி இருக்கும் என்பதற்கானது அல்ல. ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-இல் தொடங்கி வைத்து, ரிச்சர்ட் ஸ்மால் 1970-களின் தொடக்கத்தில் முழுமையாக்கிய அளவீடுகளைத்தான் இன்றுவரை உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். அவற்றில் நான்கு எண்கள் கையில் இருந்தால் பெட்டியைக் கணக்குப் போட்டுவிடலாம்.

எஃப்எஸ் (Fs): டிரைவர் வெளியில், பெட்டி இல்லாமல், தானாக அதிரும் அதிர்வெண். 6.5 இன்ச் ஹை-ஃபை வூஃபருக்கு 35 முதல் 50 ஹெர்ட்ஸ் நல்லது.

க்யூடிஎஸ் (Qts): காந்தமும் சஸ்பென்ஷனும் (கோனைப் பிடித்திருக்கும் விளிம்பும் பின்னாலுள்ள ஸ்பைடர் என்ற நெளிவட்டமும்) சேர்ந்து கோனை எவ்வளவு கட்டுப்படுத்துகின்றன என்பதைச் சொல்லும் எண். குறைந்தால் பிடிமானம் இறுக்கம், கூடினால் தளர்வு. 0.3 முதல் 0.45 வரை உள்ளவை போர்ட் பெட்டிக்கு ஏற்றவை. 0.4-இலிருந்து 0.6 வரை மூடிய பெட்டிக்கு வசதி. 0.7-க்கு மேல் போனால் சாதாரண வீட்டுப் பெட்டிக்குள் அதை அடக்க முடியாது. பின்பக்கம் திறந்த பேஃபிளுக்குத்தான் (டிரைவர் மாட்டும் முன்பலகை) ஆகும். கார் ஸ்பீக்கர்களில் பல இந்தக் கடைசி வகை. காரின் கதவுக்குள் இருக்கும் பெரிய இடத்தை நம்பிச் செய்யப்பட்டவை அவை. வீட்டுப் பெட்டியில் போட்டால் குடம் போல முழங்கும்.

விஏஎஸ் (Vas): சஸ்பென்ஷனின் நெகிழ்வுக்குச் சமமான காற்றின் அளவு, லிட்டரில். இது பெட்டியின் அளவு அல்ல. பெட்டியின் அளவைக் கணக்கிட உதவும் எண். இதைக் குழப்பிக்கொண்டு 30 லிட்டர் விஏஎஸ் உள்ள வூஃபருக்கு 30 லிட்டர் மூடிய பெட்டி அடிப்பவர்கள் ஏராளம்.

எக்ஸ்மேக்ஸ் (Xmax): வாய்ஸ் காயில் காந்த இடைவெளியை விட்டு விலகாமல் ஒரு பக்கம் எத்தனை மில்லிமீட்டர் நகரலாம் என்பது. அதே சத்த அளவுக்கு, ஒரு ஆக்டேவ் கீழே, அதாவது பாதி அதிர்வெண்ணுக்குப் போனால் கோன் நான்கு மடங்கு நகர வேண்டும். 80 ஹெர்ட்ஸில் 1 மி.மீ. ஆடும் கோன், மூடிய பெட்டியில் 40 ஹெர்ட்ஸுக்கு 4 மி.மீ. ஆட வேண்டும். மேடைக் கச்சேரிக்கான பி.ஏ. வூஃபர்கள் வீட்டில் தோற்பது இங்கேதான். சென்சிடிவிட்டி (1 வாட்டுக்கு 1 மீட்டரில் தரும் சத்தம்) 95 டெசிபல் என்று அழகாக இருக்கும். ஆனால் 6.5 இன்ச் அளவில் எஃப்எஸ் பொதுவாக 60-க்கு மேல், எக்ஸ்மேக்ஸ் சில மி.மீ. மட்டுமே. அவை தூரத்துக்கு வீசச் செய்யப்பட்டவை, ஆழத்துக்கு அல்ல.

சென்சிடிவிட்டியைப் பார்க்கும்போது ஒரு கண்கட்டு வித்தையைக் கவனியுங்கள். '2.83 வோல்ட், 1 மீட்டர்' என்று எழுதியிருந்தால், 8 ஓம் டிரைவருக்கு அது 1 வாட். 4 ஓம் டிரைவருக்கு 2 வாட். ஆகவே 4 ஓம் டிரைவரின் 91 டெசிபலில் 3-ஐக் கழித்துத்தான் 8 ஓமோடு ஒப்பிட வேண்டும்.

எண்களை வெளியிடும் கம்பெனிகள் பல இருக்கின்றன. இந்தோனேசியாவின் எஸ்பி அக்கூஸ்டிக்ஸ், அமெரிக்காவின் டேட்டன் ஆடியோ, டென்மார்க்கில் தொடங்கிய பியர்லெஸ் ஆகியவற்றின் டேட்டாஷீட்டுகளில் எண்கள் மட்டுமல்ல, அதிர்வெண் வரைபடமும் இம்பீடன்ஸ் (அதிர்வெண்ணுக்கேற்ப மாறும் மின்தடை) வரைபடமும் இருக்கும். அந்த இரண்டு வரைபடமும் இல்லையென்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் யோசியுங்கள்.

எண்கள் இல்லாத டிரைவர் ஏற்கெனவே வீட்டில் கிடந்தால் அளந்துகொள்ளலாம். ஆர்இடபிள்யூ (REW) என்ற இலவச மென்பொருள், இரண்டு இன்புட் உள்ள சவுண்ட் கார்டு, 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்று போதும். டிரைவரைக் காற்றில் நிறுத்தி இம்பீடன்ஸ் வளைவை எடுத்தால் அதன் உச்சி எஃப்எஸ். பிறகு கோனில் கொஞ்சம் எடை ஏற்றி மறுபடி அளக்க வேண்டும். 10 கிராம் ஏற்றியதும் 40 ஹெர்ட்ஸ் 30-க்கு இறங்கினால், நகரும் பாகத்தின் எடை 10 ÷ ((40 ÷ 30)² − 1), அதாவது ஏறக்குறைய 13 கிராம். அதிலிருந்து விஏஎஸ்ஸை மென்பொருளே கணக்கிடும். எடைக்குக் காசு வைக்காதீர்கள். இப்போதைய ஒரு ரூபாய் நாணயம் காந்தத்தில் ஒட்டும் எஃகு. வூஃபரின் காந்தம் அதை இழுத்து அளவையே கெடுத்துவிடும். நகைத் தராசில் நிறுத்த களிமண் உருண்டை அல்லது சுவரில் படம் ஒட்டும் நீலப் பசை நல்லது. டஸ்ட் கேப்பை (கோனின் நடு மூடி) சுற்றி வட்டமாக, எல்லாப் பக்கமும் சமமாக ஒட்டுங்கள். புது டிரைவரைச் சில மணி நேரம் ஓடவிட்ட பிறகு அளப்பதே சரி. ரப்பரும் ஸ்பைடரும் இளகும்போது எஃப்எஸ் சற்று இறங்கும்.

ஒரு வூஃபர், இரண்டு பெட்டிகள்

கணக்கு எப்படி ஓடுகிறது என்பதை ஒரே எடுத்துக்காட்டோடு கடைசிவரை பார்க்கலாம். 6.5 இன்ச் வூஃபர்: எஃப்எஸ் 40 ஹெர்ட்ஸ், க்யூடிஎஸ் 0.38, க்யூஇஎஸ் (Qes, காந்தத்தின் கட்டுப்பாட்டை மட்டும் சொல்லும் எண்) 0.42, விஏஎஸ் 30 லிட்டர், சென்சிடிவிட்டி 88 டெசிபல்.

முதலில் எஃப்எஸ்ஸை க்யூஇஎஸ்ஸால் வகுங்கள்: 40 ÷ 0.42 = 95. இந்த எண் 50-க்குக் கீழே என்றால் மூடிய பெட்டி, 100-க்கு அருகிலோ மேலோ என்றால் போர்ட் பெட்டி, நடுவில் என்றால் இரண்டும் ஆகும். நம் வூஃபர் போர்ட் பக்கம் சாய்கிறது.

மூடிய பெட்டிக்கு: பெட்டிக்குள் போனதும் க்யூ எவ்வளவு ஆகும் என்பது, க்யூடிஎஸ் × √(விஏஎஸ் ÷ பெட்டி லிட்டர் + 1). இதை 0.7-க்கு அருகில் வைத்தால் பாஸ் சமமாக இறங்கும். நம் வூஃபருக்கு 12.2 லிட்டரில் 0.707 வருகிறது, −3 டெசிபல் புள்ளி (பாஸ் 3 டெசிபல் குறையும் அதிர்வெண்) 74 ஹெர்ட்ஸ். இதையே 6 லிட்டரில் அடைத்தால் க்யூ 0.93 ஆகி, 150 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு எழும். ஆண் குரல் நெஞ்சடைத்தது போலக் கேட்கும். 20 லிட்டருக்குப் போனால் 0.6, பாஸ் சற்று மெலிந்தாலும் சுத்தமாக இருக்கும். சுவரோரம் வைக்கப் போகிறீர்கள் என்றால் இந்த 0.6 நல்ல தேர்வு. குறைந்ததைச் சுவர் கொடுத்துவிடும்.

போர்ட் பெட்டிக்கு ஒரு எளிய சூத்திரம் உண்டு. பெட்டி = 15 × விஏஎஸ் × க்யூடிஎஸ்ஸின் 2.87 அடுக்கு. நமக்கு 28 லிட்டர். டியூனிங் (போர்ட்டில் காற்று அதிரும் அதிர்வெண்) = 0.42 × எஃப்எஸ் × க்யூடிஎஸ்ஸின் −0.9 அடுக்கு. நமக்கு 40 ஹெர்ட்ஸ். −3 டெசிபல் புள்ளியும் 40-ஐ ஒட்டியே வருகிறது. மூடியதன் 74 எங்கே, இது எங்கே! மிருதங்கத்தின் தொப்பிக்கும் பேஸ் கிட்டாரின் கீழ்க் கம்பிக்கும் இந்த வித்தியாசம் காதில் நன்றாகக் கேட்கும்.

இதற்கு விலை உண்டு. மூடிய பெட்டி ஆக்டேவுக்கு 12 டெசிபலாக இறங்கும், போர்ட் பெட்டி 24 டெசிபலாக விழும். டியூனிங்குக்குக் கீழே வூஃபருக்குக் காற்றின் பிடிமானம் போய்விடும். 25 ஹெர்ட்ஸ் சிக்னல் வந்தால் கோன் கட்டில்லாமல் ஆடும், சத்தமும் வராது. இசைத்தட்டு கேட்பவர்களுக்கு, தட்டின் நெளிவிலிருந்தே இப்படிக் கீழ்ச் சிக்னல் வருவதால், இது பெரிய தலைவலி. ஆம்பில் ஒரு ஹைபாஸ் ஃபில்டர் (கீழ் அதிர்வெண்களைத் தடுப்பது) வேண்டும்.

போர்ட் நீளம் (செ.மீ.) = 23562.5 × விட்டம்² ÷ (டியூனிங்² × லிட்டர்) − 0.732 × விட்டம். கடையில் கிடைக்கும் 75 எம்.எம். பிவிசி பைப்புக்கு வெளிவிட்டம்தான் 75. உள்ளே ஏறக்குறைய 70 இருக்கும். வகைக்கு வகை சுவர் தடிமன் மாறுவதால் அளந்து கொள்ளுங்கள். 7 செ.மீ. விட்டம், 40 ஹெர்ட்ஸ், 28 லிட்டர் என்றால் 20.6 செ.மீ. பைப். '5 செ.மீ. பைப் போட்டால் 9.5 செ.மீ. போதுமே' என்று தோன்றும். போதாது. சின்னக் குழாயில் காற்று வேகமாக ஓடி, சத்தம் கூட்டியதும் 'புஸ் புஸ்' என்று மூச்சு விடும். 6.5 இன்ச்சுக்கு 7 செ.மீ.தான் குறைந்தபட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வின்ஐஎஸ்டி (WinISD) என்ற இலவச மென்பொருளில் எண்களைப் போட்டால் காற்றின் வேகத்தையும் காட்டும். நொடிக்கு 17 மீட்டருக்குக் கீழே நிறுத்துங்கள்.

கோன், சரவுண்ட், ட்வீட்டர்

முதல் ஸ்பீக்கருக்குப் பூச்சு பூசிய பேப்பர் கோன், அல்லது பாலிப்ரொப்பிலீன் கோன் எடுங்கள். அலுமினியக் கோன் தன் எல்லைக்குள் அருமையாக உழைக்கும். ஆனால் 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் பக்கம் மணி போல ஒலித்து வரைபடத்தில் ஊசி மாதிரி ஒரு உச்சி காட்டும். அதை அடக்கக் கிராஸ்ஓவரில் தனி நாட்ச் சர்க்யூட் வேண்டும். பேப்பர் தன் எல்லையைத் தாண்டும்போது மெல்ல மங்கிப் போகும். கிராஸ்ஓவரில் சின்னத் தவறு இருந்தாலும் மன்னித்துவிடும்.

சரவுண்ட் (கோனின் வெளிவிளிம்பு வளையம்) விஷயத்தில் சமரசம் வேண்டாம்: ரப்பர். ஃபோம் சரவுண்ட் நம் ஊர்ப் புழுக்கத்தில் சில ஆண்டுகளிலேயே பிசுபிசுத்து, விரல் பட்டால் உதிரும் நிலைக்கு வந்துவிடும். கடலோர ஊர்களில் ஸ்டாம்ப் செய்த இரும்புக் கூடையை (டிரைவரின் சட்டம்) விட வார்ப்பு அலுமினியக் கூடை நீடிக்கும்.

ட்வீட்டருக்கு (உயர் சுரங்களுக்கான சின்ன டிரைவர்) 25 அல்லது 28 மி.மீ. பட்டு டோம். இங்கே பார்க்க வேண்டிய முதல் எண் எஃப்எஸ். கிராஸ்ஓவர் புள்ளி அதற்கு இரண்டு மடங்காவது மேலே இருக்க வேண்டும். எஃப்எஸ் 700 என்றால் 1500-க்கு மேல் எங்கும் வெட்டலாம். எஃப்எஸ் 1500 உள்ள மலிவு ட்வீட்டரை 2000-இல் வெட்டினால் 'ச', 'ஸ' எல்லாம் கிழிந்து கேட்கும். கொஞ்ச நாளில் காயிலும் கருகும்.

கிராஸ்ஓவர் புள்ளியின் மேல் எல்லையை வூஃபர் வைக்கிறது. அலைநீளம் கோனின் விட்டத்துக்குச் சமமாகும் இடத்திலிருந்து ஒலி டார்ச் வெளிச்சம் போல நேராக மட்டும் பாயத் தொடங்கும். 6.5 இன்ச் வூஃபரில் உண்மையில் அதிரும் விட்டம் சுமார் 13 செ.மீ.; 344 ÷ 0.13 = 2650 ஹெர்ட்ஸ். அதற்குள் ட்வீட்டரிடம் ஒப்படைக்க வேண்டும். 8 இன்ச் வூஃபருக்கு இதே கணக்கில் 2100 வரும். அதனால்தான் இருவழி ஸ்பீக்கரில் 8 இன்ச் வூஃபர் போட விரும்புகிறவருக்குக் கீழே இறங்கி உழைக்கும் நல்ல ட்வீட்டர் கட்டாயம். 6.5 இன்ச்சோடு 2200 ஹெர்ட்ஸ் நல்ல இடம். அங்கே அலைநீளம் 15.6 செ.மீ.; வூஃபர் மையத்துக்கும் ட்வீட்டர் மையத்துக்கும் இடையே அதற்குமேல் தூரம் விடாதீர்கள்.

இன்னொரு கணக்கு பலரும் மறப்பது. பேஃபிள் அகலத்தைவிட அலை பெரிதானால் ஒலி பெட்டியைச் சுற்றிப் பின்னால் வழியும். 115-ஐ மீட்டரில் சொன்ன அகலத்தால் வகுத்தால் அது நடக்கும் அதிர்வெண் கிடைக்கும், 23.6 செ.மீ. பேஃபிளுக்கு 487 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே கோட்பாட்டில் 6 டெசிபல் வரை குறையும். அறைச் சுவர்கள் கொஞ்சம் திருப்பித் தருவதால் 3, 4 டெசிபலை ஈடுகட்டினால் போதும். ஆகவே 88 டெசிபல் வூஃபர் கடைசியில் 85 பக்கம்தான் நிற்கும். 91 டெசிபல் ட்வீட்டரை 6 டெசிபல் இறக்க வேண்டியிருக்கும்: 8 ஓம் ட்வீட்டருக்குத் தொடரில் 3.9 ஓம், குறுக்கே 8.2 ஓம், இரண்டும் 10 வாட். வூஃபரைவிடச் சென்சிடிவிட்டி குறைந்த ட்வீட்டரை மட்டும் வாங்கிவிடாதீர்கள். ட்வீட்டரை இறக்கலாம், ஏற்ற முடியாது.

கடையில் விற்கும் ரெடிமேட் கிராஸ்ஓவர் போர்டு எல்லா அதிர்வெண்ணிலும் 8 ஓம் என்று எண்ணிச் செய்யப்பட்டது. வாய்ஸ் காயிலின் டிசி ரெசிஸ்டன்ஸ் 5.8 ஓம், இண்டக்டன்ஸ் 0.6 மில்லிஹென்றி உள்ள வூஃபர் 2200 ஹெர்ட்ஸில் 10 ஓம் ஆகியிருக்கும். போர்டு வெட்டுவதாகச் சொல்லும் இடத்தில் அது வெட்டாது. வூஃபருக்குக் குறுக்கே 7.5 ஓமும் 11 மைக்ரோஃபாரடும் தொடராகப் போட்டால் இந்த ஏற்றம் சமமாகும். அதன்பிறகு விட்டுயிக்ஸ்கேட் (VituixCAD) மென்பொருளில் உண்மையான வளைவுகளை ஏற்றி வடிவமைப்பதே முறையான வழி. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

பலகை

பெட்டியின் வேலை பேசாமல் இருப்பது. கோன் முன்னால் தள்ளும் அளவுக்கே பின்னாலும் தள்ளுகிறது. அந்தச் சக்தியில் பலகை அதிர்ந்தால், கோனைவிடப் பல மடங்கு பரப்புள்ள அந்தப் பலகை தானே ஒரு ஸ்பீக்கராகிவிடும். நல்ல பலகைக்கு விறைப்பு, எடை, உள் உராய்வு மூன்றும் வேண்டும்.

எம்.டி.எஃப். (மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) 18 மி.மீ. எல்லாருக்கும் தெரிந்த விடை, நல்ல விடையும்கூட. எங்கே வெட்டினாலும் ஒரே சீர், ரவுட்டருக்கு வெண்ணெய், உள்ளே பொந்து இருக்காது. சதுர மீட்டருக்கு 13 கிலோ அளவில் எடை. அதன் எதிரி தண்ணீர். ஓரம் ஒருமுறை ஈரம் குடித்தால் பிஸ்கெட் போல உப்பி, காய்ந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. தரை துடைக்கும் ஈரம் படும் இடத்தில் வைக்கும் பெட்டியென்றால் கீழ் ஓரம்தான் முதலில் போகும். ஈரம் தாங்கும் அடர்த்தி கூடிய எச்.டி.எச்.எம்.ஆர். பலகை இப்போது பிளைவுட் கடைகளில் கிடைக்கிறது. சென்னை, தூத்துக்குடி மாதிரி ஊர்களுக்கு அதையே சொல்வோம். கொஞ்சம் கனம், பிளேடு சீக்கிரம் மழுங்கும், அவ்வளவுதான் குறை.

பிளைவுட்டில் விறைப்பு எம்.டி.எஃப்.பைவிட அதிகம், எடை குறைவு. பால்டிக் பிர்ச் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், 18 மி.மீ.யில் 13 அடுக்கு, உள்ளே பொந்து மிக அரிது. ஐ.எஸ். 303 முத்திரையுள்ள சாதாரண கமர்ஷியல் பிளையில் நடு அடுக்குகளுக்கிடையே இடைவெளி விட்டிருப்பார்கள். அது வூஃபர் ஓட்டையில் வந்து மாட்டினால் காற்று கசியும், குறிப்பிட்ட சுரத்தில் கரகரக்கும். ஐ.எஸ். 710 மரைன் பிளை தேவலை. வாங்கும்போது ஷீட்டின் நான்கு ஓரத்தையும் பாருங்கள், பிறகு விரல் முட்டியால் முழு ஷீட்டையும் அரை அடிக்கு ஒருமுறை தட்டிக்கொண்டே போங்கள். 'டொக் டொக்' என்று வந்த சத்தம் ஓரிடத்தில் 'டப்' என்று வெறுமையாக மாறினால் அங்கே பொந்து. அந்த ஷீட்டை வேண்டாமென்று சொல்லுங்கள்.

பார்ட்டிகிள் போர்டு ஸ்க்ரூவைப் பிடிக்காது. தேக்குப் பலகை கேட்பவர்கள் உண்டு. மழைக்காலத்துக்கும் வெயில்காலத்துக்கும் இடையே அகலப் பலகை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விரிந்து சுருங்கும். நான்கு பக்கமும் பசை போட்டு இறுக்கிய பெட்டியில் அந்த அசைவுக்கு இடமில்லை. எங்காவது இணைப்பு விடும், அல்லது பலகை வெடிக்கும். தேக்கின் அழகு வேண்டுமானால் எம்.டி.எஃப். மேல் தேக்கு வெனீர் ஒட்டுங்கள். அதையும் இரண்டு பக்கமும் ஒட்டாவிட்டால் பலகை வளையும்.

தடிமன் பற்றி இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கனமாகவும் விறைப்பாகவும் கட்டி, தாங்கு (உள்ளே குறுக்கே நிற்கும் பலகை) கொடுத்து, பலகையின் அதிர்வெண்ணை மேலே தள்ளுவது. மற்றது பி.பி.சி. வழி. அவர்களின் ஆராய்ச்சிப் பிரிவு 1977-இல் வெளியிட்ட அறிக்கை, மெல்லிய பிர்ச் பிளையில் கனமான டேம்பிங் ஷீட் ஒட்டுவதை ஆதரித்தது. அதிர்வு கீழே, காதுக்கு உறைக்காத இடத்துக்கு இறங்கும். நீளாமல் உடனே அடங்கியும் விடும். இரண்டும் வேலை செய்யும். இரண்டையும் அரைகுறையாகக் கலந்து, 12 மி.மீ. பிளையில் எதுவும் ஒட்டாமல் விடுவதுதான் தவறு. முதல் முறைக்கு 18 மி.மீ.யும் ஒரு தாங்கும் பிழையில்லாத வழி.

வெட்டும் அளவு

நமக்கு வேண்டியது நிகர 28 லிட்டர். வூஃபருக்கு 1, பைப்புக்கு 0.9, தாங்குக்கு 0.5, கிராஸ்ஓவருக்கு 0.4, மூலைக் கட்டைகளுக்குச் சற்று என்று கூட்டினால் உள்ளளவு 31.5 லிட்டர்: அகலம் 20, உயரம் 50, ஆழம் 31.5 செ.மீ. மூன்று அளவும் ஒன்றுக்கொன்று மடங்காக இல்லாமல் பார்த்துக்கொண்டதால் உள்ளே எதிரொலி ஒரே அதிர்வெண்ணில் குவியாது.

18 மி.மீ. பலகையில் ஒரு பெட்டிக்கு: பக்கங்கள் 53.6 × 36.9 செ.மீ. இரண்டு, மேல், கீழ் 20 × 36.9 இரண்டு, முன்பலகை 20 × 50 இரண்டு (ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி 36 மி.மீ.), பின்பலகை 20 × 50 ஒன்று, தாங்கு 20 × 31.5 ஒன்று, நடுவில் பெரிய ஜன்னல்கள் வெட்டியது. மேல், கீழ் பலகைகளும் முன், பின் பலகைகளும் பக்கங்களுக்கு நடுவே உட்காரும். இரண்டு பெட்டிக்கும் சேர்த்து 8 × 4 ஷீட் ஒன்று தாராளம். கடையில் பேனல் சா மெஷினில் வெட்டித் தரச் சொல்லுங்கள், 20 செ.மீ. துண்டுகள் அத்தனையையும் ஒரே செட்டிங்கில் வெட்ட வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். நடுவில் மெஷினின் வேலியை (பலகை ஒட்டி நகரும் பட்டி) நகர்த்தி மறுபடி வைத்தால் அரை மி.மீ. மாறும், அந்த அரை மி.மீ. கிளாம்ப் போடும்போது உங்கள் உயிரை வாங்கும்.

தாங்கை நடுவில் வைக்காதீர்கள். வூஃபருக்குக் கொஞ்சம் மேலே, உயரத்தை ஏறக்குறைய 3-க்கு 2 என்று பிரிக்கும் இடத்தில் வையுங்கள். சரிபாதியில் வைத்தால் இரண்டு பாதியும் ஒரே சுரத்தில் அதிரும்.

வட்டம் வெட்டுவதில் ஒரு வரிசை இருக்கிறது, மாறினால் பலகை வீண். ரவுட்டரின் வட்ட ஜிக் நடு ஆணியில்தான் சுற்றுகிறது. முதலில் டிரைவரின் விளிம்பு உட்காரும் 4, 5 மி.மீ. பள்ளத்தை வெட்டுங்கள், பிறகே ஊடுருவும் ஓட்டை. ஓட்டையை முதலில் வெட்டினால் நடு ஆணி நின்ற இடமே கீழே விழுந்துவிடும். பள்ளம் வெட்ட மையம் இருக்காது. ட்வீட்டருக்கு இந்தப் பள்ளம் மிக அவசியம். விளிம்பு 4 மி.மீ. துருத்தி நின்றால் உயர் அதிர்வெண்கள் அங்கே முட்டிச் சிதறும்.

ஓட்டை வெட்டியதும் பலகையைத் திருப்பிப் போட்டு வூஃபர் ஓட்டையின் பின்விளிம்பை 45 டிகிரியில் சரிவாகச் சீவுங்கள். 36 மி.மீ. தடிமனில் 14.5 செ.மீ. ஓட்டை என்பது ஒரு குட்டிக் குழாய். வூஃபரின் கூடைக் கால்களுக்கும் அந்தச் சுவருக்கும் இடையே விரல் நுழையக்கூட இடமிருக்காது. கோனுக்குப் பின்னால் காற்று திணறி, குரல் பகுதி மந்தமாகும். ஸ்க்ரூ வரும் இடங்களில் மட்டும் பலகையை முழுத் தடிமனில் விட்டுவிட்டு மற்றதைச் சீவிவிடுங்கள்.

எம்.டி.எஃப்.பில் மர ஸ்க்ரூ இரண்டு மூன்று முறை கழற்றி மாட்டினால் பிடி விட்டுவிடும். கிராஸ்ஓவரைச் சரிசெய்ய வூஃபரைப் பத்து முறை கழற்ற வேண்டியிருக்கும். பின்னாலிருந்து டி-நட் (முள்ளுள்ள உலோக நட்) அடித்து எம்4 போல்ட் போடுங்கள். கடைசிச் சுற்றைக் கையால் முடுக்குங்கள். வூஃபர் காந்தம் ஸ்க்ரூடிரைவரை வெடுக்கென்று இழுக்கும். கோன் ஓட்டையாக ஒரு நொடி போதும். எம்.டி.எஃப். வெட்டும்போது என்95 முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், அந்தத் தூசில் ஃபார்மால்டிஹைடு பிசின் இருக்கிறது.

இணைப்புகளுக்கு மரப்பசையே போதும்; ஆணி, ஸ்க்ரூ எல்லாம் பசை காயும்வரை பிடித்துக்கொள்ளத்தான். ஒட்டி முடித்ததும் உள்மூலை ஒவ்வொன்றிலும் விரலால் பசையை இழுத்துப் பூசுங்கள். பெயிண்ட் அடிக்கும் முன் எம்.டி.எஃப். ஓரங்களில் பசையும் தண்ணீரும் சரிபாதி கலந்து இரண்டு கோட், காய்ந்ததும் உப்புத்தாள். இதைச் செய்யாவிட்டால் ஓரம் மட்டும் பெயிண்டைக் குடித்துக்கொண்டே இருக்கும்.

போர்ட் பெட்டியில் பஞ்சைத் திணிக்காதீர்கள். முன்பலகை தவிர்த்த சுவர்களில் 25 முதல் 50 மி.மீ. ஃபெல்ட் அல்லது துணி சுற்றிய ராக்வூல் ஒட்டினால் போதும். பைப்பின் உள்வாயைச் சுற்றி ஒரு சாண் காலியாக இருக்கட்டும். மூடிய பெட்டி என்றால் தலையணைக்குப் போடும் பாலியெஸ்டர் பஞ்சை லிட்டருக்கு 8 முதல் 16 கிராம் கணக்கில் பிரித்து நிரப்புங்கள்.

மூடியதும் செய்ய வேண்டிய சோதனை

பேட்டரி ஒன்றை (1.5 வோல்ட்) வூஃபர் முனையில் ஒரு கணம் தொடுங்கள், பிளஸ்ஸில் பிளஸ் பட்டால் கோன் வெளியே வர வேண்டும். இந்தச் சோதனை ட்வீட்டருக்கு வேண்டாம். மூடிய பெட்டியில் கோனை விரல்களால் மெதுவாக உள்ளே அமுக்கி விட்டால் தயங்கித் தயங்கித் திரும்பி வரும். சட்டென்று வந்தால் எங்கோ கசிவு. பெரும்பாலும் டெர்மினல் கப்பைச் சுற்றித்தான் இருக்கும்.

போர்ட் பெட்டிக்கு இம்பீடன்ஸ் வளைவை மறுபடி எடுங்கள். இப்போது ஒரு உச்சிக்குப் பதில் இரண்டு உச்சி தெரியும். நடுவிலுள்ள பள்ளம்தான் உண்மையான டியூனிங். அது 40-க்குக் கீழே நின்றால் பைப்பைக் குறைக்க வேண்டும், மேலே நின்றால் நீட்ட வேண்டும். குறைப்பது எளிது, நீட்டுவது கஷ்டம். ஆகவே கணக்கு 20.6 செ.மீ. சொன்னாலும் முதலில் 23-இல் வெட்டிப் பின்பலகையில் பசையில்லாமல் செருகி அளந்து, அரை செ.மீ. அரை செ.மீ.யாக அறுத்துக்கொண்டே வாருங்கள். பள்ளம் 40-இல் வந்து நின்றதும் பைப்பைச் சுற்றிச் சிலிகான் போட்டு, ஒரு நாள் காயவிட்டுப் பாட்டைப் போடுங்கள்.